குறைத்து விற்ற காளியம்மா

1979ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காளியம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கடிதம். மலேசியாவில் ஈப்போ நகரத்தின் புந்தோங் பகுதியில், வீட்டின் முன்பக்கத்தையே மறித்துத் தகரம் போட்டுச் சில்லறைக் கடை நடத்திக்கொண்டிருந்தாள் அவள். கடிதத்தைப் பார்த்ததும் சீனி விலை விஷயமாகத்தான் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

காரணம் இருந்தது. முந்தின வாரம்தான் விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தெருவில் இறங்கியிருந்தார்கள். நான்கு வாசல் தள்ளியிருந்த கடையில் சீனியை அரசாங்கம் சொன்ன விலைக்கு மேல் விற்றதாக எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கடைக்காரர் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். காளியம்மா தன் கடையில் சீனி, கோதுமை மாவு, எண்ணெய் மூன்றின் விலையையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள். ஒரு காசுகூடக் கூடுதலாக இல்லை. அப்படியிருக்க இந்தக் கடிதம் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

காளியம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினான்கு வயதில் பால் வெட்ட இறங்கி இருபது வருஷம் வெட்டினாள். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்திருந்ததால் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், கையெழுத்தும் போடுவாள். எழுபத்து மூன்றாம் ஆண்டில் நிர்வாகம் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவளும் கணவன் சன்னாசியும் ஈப்போவுக்கு வந்தார்கள். சன்னாசி ரயில்வே கூட்ஸ் கொட்டகையில் மூட்டை தூக்கப் போனார். அவள் தன் சங்கிலியை விற்றுக் கடை வைத்தாள். மளிகை, வாளி, குண்டான், விளக்குத் திரி என்று ஆரம்பித்து, தோட்டத்து லய வீடுகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் மின்சாரம் வந்த பிறகு மேசைக் காற்றாடியும் விற்கத் தொடங்கினாள்.

அந்தக் காற்றாடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீலக்கொக்கு மார்க் காற்றாடி. கம்பெனி கோலாலம்பூரில் இருந்தது. அதன் விற்பனையாளர் பத்துமலை மாதத்துக்கு இரண்டு முறை வேனில் வருவார். முதல் தடவை வந்தபோது நான்கு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டி, எல்லாக் கடையிலும் வைக்கிறதுதான் அக்கா என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். காளியம்மா அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பத்துமலைக்கு முழுதாகச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு காற்றாடி அவளுக்கு மலேசியப் பணத்தில் ஐம்பத்து நான்கு வெள்ளிக்கு வரும். விற்கும் விலை அறுபத்தெட்டு என்று பெட்டிமேலேயே அச்சடித்திருக்கும். பதினான்கு வெள்ளி அவளுக்கு அதிகமாகத் தோன்றியது. வேனிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைப்பதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லையே. அறுபதுக்கு விற்றாள். செய்தி பரவியது. செம்மோர், கோப்பேங், தஞ்சோங் ரம்புத்தான் என்று தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கிப் போனார்கள். ஒரு மாதத்தில் முப்பதுகூட விற்றிருக்கிறாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் தாவூத்திடம் போனாள். தாவூத் காய்கறிப் பாசாருக்குப் பக்கத்தில் பெரிய கடை வைத்திருந்தவர். அவருடைய தகப்பனார் ராமநாதபுரத்திலிருந்து வந்து தொடங்கிய கடை. அவர் கடையிலும் நீலக்கொக்கு காற்றாடி உண்டு. வெங்காயமும் பருப்பும் காளியம்மா அவரிடம்தான் மொத்தமாக எடுப்பாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால், இந்த மாதிரிக் காகிதம் எது வந்தாலும் அவரிடம் காட்டுவது வழக்கம்.

தாவூத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கவர்மெண்ட் சுராட் இல்ல, தங்கச்சி. காத்தாடிக் கம்பெனி போட்ட கடுதாசி. நீ அறுபதுக்கு விக்கிறியாம். அறுபத்தெட்டுக்குத்தான் விக்கணுமாம். இனிமே குறைச்சா சாமான் தரமாட்டாங்களாம்."

காளியம்மாவுக்கு முதலில் மனம் லேசாயிற்று. கோர்ட் இல்லை, அபராதம் இல்லை. பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்த பிறகுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது. நாலு வாசல் தள்ளியிருப்பவர் கூட்டி விற்றதற்காகக் கோர்ட்டுக்குப் போகிறார். அவளுக்கோ குறைத்து விற்றதற்காகக் கடிதம் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்று அவள் சன்னாசியிடம் கேட்டாள். நம்முடையதுதான் என்றார் அவர். அப்படியானால் அதை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று அவர்கள் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டாள். சன்னாசி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஒரு மாதம் அறுபத்தெட்டுக்கே விற்றாள். விற்றாள் என்பதைவிட, விலை சொன்னாள் என்பதுதான் சரி. மூன்று காற்றாடிதான் போயிற்று. அந்த மாதக் கடைசியில் இருளாயி வந்தாள். பழைய தோட்டத்தில் ஒரே நிரையில் காளியம்மாவோடு பால் வெட்டியவள், இன்னும் அங்கேதான் செம்பனைக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய அதே விலையை எதிர்பார்த்து அறுபது வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அறுபத்தெட்டு என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"டவுனுக்கு வந்து நீயும் பெரிய முதலாளி, தவுக்கே ஆயிட்டே லா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கம்பெனி, கடிதம், கையெழுத்து என்று காளியம்மா விளக்கப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பொய் போலக் கேட்டது. குறைத்து விற்கக்கூடாது என்று ஒரு கம்பெனி சொல்லுமா என்று இருளாயி கேட்டாள். கடைசியில் அறுபதையே வாங்கிக்கொண்டு காற்றாடியைக் கொடுத்தாள். வெளியில் சொல்லாதே என்றும் சொன்னாள். இருளாயி பஸ்ஸிலேயே நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த முறை பத்துமலையின் வேன் வந்தது. அவர் இறங்கினார், ஆனால் பெட்டி எதையும் இறக்கவில்லை. இனி இந்தக் கடைக்குச் சாமான் கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள் என்றார். தன்மேல் கோபப்பட வேண்டாம், தான் வெறும் வேன் ஓட்டுகிறவன் என்றார். அந்தச் சங்கடத்தில் சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லிவிட்டார். இரண்டு தடவையும் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னது தாவூத் கடை.

காளியம்மா அன்றே பாசாருக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். தாவூத் மறுக்கவில்லை. அவளை உள்ளே அழைத்துக் கடையின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே மேசையில் காற்றாடிகளைப் பிரித்துப் போட்டு ஒருவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் தான் கொடுப்பதாகச் சொன்னார் தாவூத். வெளியே ஐந்து காற்றாடிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன, கரண்டுக்கும் தாவூத்தான் பணம் கட்டுகிறார்.

"ஆளுங்க இங்க வந்து ஓட்டிப் பாக்கிறாங்க, ஒரு மணி நேரம் கேள்வி கேக்கிறாங்க. பிறகு உன் கடைக்கு வந்து வாங்கிடறாங்க. கெட்டுப்போனா மறுபடி என்கிட்டத்தான் தூக்கிட்டு வாராங்க. நீயே சொல்லு, நான் எப்படித் தாங்குவேன்?"

அதிலும் நியாயம் இருந்தது. கோபத்தோடு போனவளுக்கு அதுதான் பெரிய தொந்தரவாகிவிட்டது. கெட்ட மனுஷன் என்று திட்டிவிட்டு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வந்தாள். அதன்பின் வெங்காயத்தையும் பருப்பையும் வேறு கடையில் எடுத்தாள்.

ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சீனி விலையைப் பார்க்க வந்த அதிகாரிகளின் ஆபீஸ் ஈப்போவிலேயே இருந்தது. விலை என்றால் அவர்கள்தானே என்று ஒரு திங்கட்கிழமை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அதிகாரிக்குச் சின்ன வயது, மரியாதையாகப் பேசினார். எந்தக் கடையில் விலை கூட்டினார்கள் என்று கேட்டார். கடை இல்லை, கம்பெனி என்றாள். கம்பெனி கூட்டி விற்றதா என்றார். இல்லை, தன்னைக் கூட்டி விற்கச் சொல்கிறது என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். பிறகு உள்ளே போய் மூத்த அதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தார்.

இரண்டு பேரும் நீளமான பட்டியல் ஒன்றைப் புரட்டினார்கள். காற்றாடி அதில் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை என்று மூத்தவர் மலாயில் பொறுமையாக விளக்கினார். விலை மேலே ஏறாமல் பார்ப்பதுதான் தங்கள் வேலை. ஒருவர் கீழே இறங்கி விற்றால் ஜனங்களுக்கு நல்லதுதானே, அதைத் தடுப்பவரைப் பிடிக்கத் தங்களிடம் சட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் புகார் எழுதும் அச்சடித்த பாரம் ஒன்றைக் கொடுத்தார். சின்னவர் அவளுக்காக எழுத உட்கார்ந்தார். பெயர், முகவரி எழுதினார். அடுத்த கட்டம், எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்பது. அதில் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த வக்கீல் ஆபீஸுக்கு அடுத்துப் போனாள். அங்கே தலைமைக் குமாஸ்தா கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள், அந்தப் பழக்கத்தில் காளியம்மா அவரைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிட்டாள். அவர் அதைத் திருத்தவில்லை. கம்பெனிக் கடிதத்தையும், அவள் பத்திரமாக வைத்திருந்த நான்கு பக்கக் காகிதத்தையும் வாங்கி வாசித்தார். இரண்டு தடவை உள்ளே போய் வக்கீலிடம் கேட்டு வந்தார்.

வக்கீல் லண்டனில் படித்தவர். இங்கிலாந்தில் பதினைந்து வருஷமாகவே இதற்குச் சட்டம் இருக்கிறதாம். இந்த விலைக்குக் குறைத்து விற்காதே என்று பொருள் செய்கிற கம்பெனி கடைக்காரனைக் கட்டுப்படுத்த முடியாது. குறைத்து விற்றான் என்பதற்காகச் சாமானை நிறுத்தவும் கூடாது. காளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அது அங்கே, இங்கே இல்லை என்றார் கார்த்திகேசு. இங்கிலாந்துக்காரர்கள் எவ்வளவோ சட்டத்தை இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார்கள், இதை மட்டும் ஏன் விட்டுப் போகவில்லை என்று காளியம்மா கேட்டாள். அவர்கள் போன பிறகுதான் அங்கேயே அந்தச் சட்டம் வந்தது என்றார் அவர். மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் நடப்புக்கு வர அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அது அன்று அந்த ஆபீஸில் யாருக்கும் தெரிய வழியில்லை.

நான்கு பக்கக் காகிதத்தில் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து ஒரு வரிமேல் விரலை வைத்தார் கார்த்திகேசு. கம்பெனி சொல்லும் விலைக்குக் குறையாமல் விற்பேன் என்று அதில் இருந்தது. கீழே அவள் தமிழில் போட்ட கையெழுத்து.

"நீங்கள் கையெழுத்து வைச்சபடியால் அவன் சொன்னது செல்லும். ஆனால் இப்ப அவனே உங்களோட ஒப்பந்தத்தை முடிச்சுப் போட்டான். இனி நீங்கள் வேற ஒருவரிட்ட அந்தக் காத்தாடியை வாங்கி விற்றால், அவனுக்கும் உங்களுக்கும் ஒரு பேச்சும் இல்லை. என்ன விலைக்கும் விற்கலாம்."

காளியம்மா அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

"அப்ப அவங்க ஆளா இருந்தப்ப குறைச்சு விக்கக்கூடாது. விரட்டி விட்ட பிறகு விக்கலாம். அப்படியா கிராணி ஐயா?"

"ஓம், அப்படித்தான்."

"அப்ப விரட்டினதுல எனக்கு என்ன தண்டனை?"

"சாமான் கிடைக்காது. அதுதான் தண்டனை."

வீட்டுக்கு வந்து இதைச் சன்னாசிக்குச் சொல்ல முயன்றாள். பாதியிலேயே அவளுக்கு இழை அறுந்துவிட்டது. ஆனால் சன்னாசி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். வேறு ஒருவரிடம் வாங்கினால் விற்கலாம். கூட்ஸ் கொட்டகைக்கு வரும் ஒரு லாரிக்காரர் மூலம், காம்பாரில் ஒரு சீனர் கடையை மூடுகிறார் என்று அவருக்குத் தெரியும். மகனோடு இருக்கப் பினாங்குக்குப் போகிறார். அவரிடம் பிரிக்காத நீலக்கொக்கு காற்றாடி பதினொன்று இருந்தது.

இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். அந்தத் தவுக்கேயும் அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். காளியம்மா முன்கூட்டியே அதைச் சொல்லிவிட்டாள், பிறகு அவருக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று. அவர் சிரித்தார். கடையே இல்லை, பிறகு எந்தக் கடைக்குச் சாமானை நிறுத்துவான் என்று மலாயில் கேட்டார். ஐம்பது ஐம்பது வெள்ளிக்குப் பதினொன்றையும் கொடுத்தார்.

காளியம்மா அவற்றை ஐம்பத்தாறுக்கு விற்றாள். ஒரு வாரத்தில் எல்லாம் போயிற்று. நடுவில் பத்துமலை வந்து, கடை முன்னால் இருந்த பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். கம்பெனியின் வக்கீலிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கார்த்திகேசு ஆறு வரியில் ஒரு பதில் தட்டச்சு செய்து அனுப்பினார். அதன்பின் கோலாலம்பூரிலிருந்து சத்தமே இல்லை. அவள் ஜெயித்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். காளியம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றாடி தீர்ந்துவிட்டது, இனி எங்கே வாங்குவது என்று தெரியவில்லை. வருகிறவர்களை வாசலிலேயே இல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். இதை ஜெயித்தது என்று எப்படிச் சொல்வது?

நான்கு வருஷம் போயிற்று. 1983இல் ஈப்போவில் குளிர்சாதனம் போட்ட பெரிய எம்போரியம் ஒன்று திறந்தார்கள். மூன்று மாடி, நகரும் படிக்கட்டு. நீலக்கொக்கு காற்றாடி அங்கே ஐம்பத்திரண்டு வெள்ளி என்று புந்தோங் முழுக்கப் பேச்சு. கம்பெனி விலை அதற்குள் எழுபத்தைந்தாக ஏறியிருந்தது. காளியம்மா நம்பவில்லை. கடையை மத்தியானம் அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

இரண்டாவது மாடியில் காற்றாடிப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். சிவப்பு அட்டையில் ஐம்பத்திரண்டு. அதற்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தாவூத். நான்கு வருஷத்தில் நன்றாக நரைத்திருந்தார்.

அவளைப் பார்த்ததும் நகரப் போனார், பிறகு நின்றார். தனக்கே இப்போது அறுபத்தொன்றுக்குத்தான் கம்பெனி தருகிறது என்றார். எம்போரியத்தைப் பற்றிக் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை, போன் செய்தால் மேலாளர் வெளியே போயிருக்கிறார் என்கிறார்கள்.

"இவங்களுக்கு நிறுத்தலியா அண்ணே? எனக்கு நிறுத்தினாங்களே."

"இவங்க ஒரே தடவையில ஐந்நூறு எடுக்கிறாங்க. நீ முப்பது எடுத்தே."

"அப்ப குறைச்சு வித்தது குத்தமில்லியா? கொஞ்சமா வித்ததுதான் குத்தமா?"

தாவூத் பெட்டிகளின் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியல தங்கச்சி என்றார். தான் அன்று போன் போட்டது சரியா என்பதும் தெரியவில்லை என்றார். பழுது பார்க்கிறவரைப் போன மாதம் நிறுத்திவிட்டாராம். அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று காளியம்மா கேட்டாள். பெட்டாலிங் ஜெயாவில் ஏதோ பாக்டரியில் என்றார்.

ஒருவருக்கு இரண்டு காற்றாடிதான் என்று அட்டையில் போட்டிருந்தது. காளியம்மா இரண்டு எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத் தாவூத்தும் தயங்கித் தயங்கி இரண்டு எடுத்தார். பணம் கட்டும் இடத்தில் இரண்டு கடைக்காரர்களும் வாடிக்கைக்காரர்களாக வரிசையில் நின்றார்கள். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று தாவூத் தலையைக் குனிந்தே இருந்தார். அவருடைய வேனிலேயே அவளைப் புந்தோங்கில் இறக்கிவிட்டார்.

கடையைத் திறந்து இரண்டு பெட்டியையும் முன்னால் வைத்தாள். என்ன விலை போடுவது என்று வெகுநேரம் நின்றாள். எம்போரியத்துக்குப் போக பஸ் காசு இருக்கிறது, தூக்கி வரும் கஷ்டம் இருக்கிறது. ஐம்பத்தைந்து என்று சாக்கட்டியால் எழுதினாள். கம்பெனி விலையைவிட அது இருபது வெள்ளி குறைவு. எம்போரியத்தைவிட மூன்று வெள்ளி கூடுதல். இதில் தான் கூட்டுகிறாளா குறைக்கிறாளா என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

சாயங்காலம் புதிதாகக் குடிவந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். பெண் நிறைமாதம். காற்றாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளி குறைக்கலாமா அக்கா என்று கேட்டாள்.

காளியம்மா வாசலுக்கு வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஐம்பத்து நான்கை வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி அந்தப் புருஷனிடம் கொடுத்தாள்.